கையில் தெரியும் பிழை, காலில் இருக்கும் பிழை: வன்னி மைதானத்துக்கான வழிமுறை

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பத்தொன்பது வருடமாக உடற்கல்வி படிப்பிக்கிறேன் என்பதால் இளைய ஆசிரியர்கள் என்னை ஒரு பரிகாரி போல நினைத்துக்கொள்கிறார்கள். பந்து வலையிலேயே விழுகிறது, கோல் மூன்றாவது கையில் நழுவுகிறது, ஈட்டி நட்டுக்கொள்ளாமல் படுத்துவிடுகிறது. என்ன செய்வது, சேர்?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் எத்தனை தடவை பார்த்தீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. இரண்டாவது எறிதலிலேயே நாம் திருத்தத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே கீழே உள்ள எந்தக் குறியைப் பார்ப்பதற்கும் முன்னர் இதைச் செய்யுங்கள். பிள்ளையைப் பத்துத் தடவை செய்யவிட்டு, ஒவ்வொரு தடவையும் பந்தோ குண்டோ காலோ எங்கே விழுந்தது என்று கொப்பியில் புள்ளி வையுங்கள். பத்துப் புள்ளியும் ஒரே பிழையான இடத்தில் கூடிக் கிடந்தால் அது பழகிப்போன பிழை. அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். புள்ளிகள் கோழி கிளறிய முற்றம் போலச் சிதறிக் கிடந்தால் அங்கே திருத்துவதற்கு இன்னும் ஒன்றும் உருவாகவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தேவை திருத்தம் அல்ல. வேலையைச் சற்று இலகுவாக்கிக் கூடத் தடவைகள் கொடுப்பது. முதலாவதை நிலையான பிழை என்றும் இரண்டாவதை மாறும் பிழை என்றும் இயக்கக் கற்றல் துறையில் பிரித்துப் பேசுவார்கள். இந்த ஒரு பிரிப்பைச் செய்துவிட்டாலே எனக்கு வரும் அழைப்புகளில் பாதி குறைந்துவிடும்.

பயிற்சியில் பத்துக்கு ஒன்பது, போட்டியில் பத்துக்கு மூன்று

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதில் நானே நன்றாக அடி வாங்கியவன்.

ஒரு வருடம் பெண்கள் கரப்பந்தாட்ட அணியை வலய மட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் சேர்விஸ் என்றும் பாடநூல் பணித்தல் என்றும் சொல்கிற அந்த ஒன்றுக்காக மட்டும் இரண்டு வாரம் உழைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தொடர்ந்து நாற்பது பந்து. கடைசி நாள் பத்துக்கு ஒன்பது உள்ளே விழுந்தது. போட்டியில் முதல் சுற்றிலேயே பாதிப் பந்து வலையில், மீதிப் பாதி கோட்டுக்கு வெளியே. பதற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒட்டுசுட்டான் தாண்டி பஸ் வரும்போதுதான் கணக்குப் பார்த்தேன். போட்டியில் ஒரு பிள்ளை பந்து பணித்துவிட்டு, அந்த முறை போனால் மறுபடி அவளிடம் பந்து வருவதற்குப் பல நிமிடம் ஆகிறது. அதற்குள் அவள் பாய்ந்திருப்பாள், விழுந்திருப்பாள், கத்தியிருப்பாள். நான் கொடுத்த நாற்பதில் முதலாவது பந்து மட்டும்தான் போட்டிக்குரியது. மீதி முப்பத்தொன்பதும் முன்னதைப் பார்த்துப் பிரதி பண்ணியவை.

1979 இல் ஜோன் ஷியா, ரொபின் மோர்கன் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சிறிய மரத்தடைகளைக் குறித்த ஒழுங்கில் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று வேலைகள். ஒரு குழு ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. மற்றக் குழு மூன்றையும் கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் முதல் குழு கெட்டிக்காரக் குழு. பத்து நிமிடம் கழித்தும் பத்து நாள் கழித்தும் சோதித்தபோது கலந்து செய்த குழுவே முன்னால் நின்றது. 1986 இல் கூட், மகில் என்பவர்கள் பூப்பந்தாட்டத்தில் மூன்று வகைப் பணித்தலை வைத்து இதையே பார்த்தார்கள். அங்கும் கலந்து பழகியவர்களே பின்னர் நன்றாகச் செய்தார்கள். காரணம் பற்றிப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு ஒத்துவருவது இது: ஒன்றை விட்டு வேறொன்றுக்குப் போகும்போது முதலாவதை மனம் கீழே வைத்துவிடுகிறது, திரும்பி வரும்போது மறுபடி அதைத் தேடி எடுத்துக் கட்டவேண்டியிருக்கிறது. போட்டி கேட்பதும் அந்தக் கட்டும் வேலையைத்தான்.

ஆகவே இப்போது என் அணி ஒருபோதும் இரண்டுக்கு மேல் தொடர்ந்து பந்து பணிப்பதில்லை. இரண்டு போட்டதும் எதிர்ப்பக்கம் ஓடிப்போய்ப் பந்து பெறவேண்டும், பிறகுதான் மறுபடி வரிசை. வரிசையில் முன்னுக்கு வந்த பிறகே இலக்கு இடத்தின் எண்ணைச் சொல்வேன்: பின்வலது ஒன்று, பின்னிடது ஐந்து, பின்நடு ஆறு. விசில் ஊதி 8 விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போகவேண்டும், போட்டி விதிப்படியே. இன்னொன்று, மைதானத்தின் இரண்டு பக்கமும் நின்று அடிக்கவேண்டும். இது அற்பமாகத் தெரியலாம். நாங்கள் அந்த வருடம் முழுக்கப் புளியமரப் பக்கமே நின்று பழகியிருந்தோம், நிழல் அங்கே என்பதால். ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது ஒரு பக்கத்திலிருந்து அடித்த பந்து முகத்துக்கு நேரே வரும் காற்றில் ஏறி நின்று வலைக்கு முன்னாலேயே இறங்கும். அதே அடியை மறுபக்கத்திலிருந்து அடித்தால் கோட்டுக்கு வெளியே இரண்டு மீற்றர் போகும். 260 முதல் 280 கிராம் வரையே எடையுள்ள பந்து, காற்றோடு என்ன வாதாட முடியும்?

இரண்டு எச்சரிக்கை. பந்தை வலைக்கு மேலால் ஒரு தடவைகூட அனுப்பாத பிள்ளைக்கு முதல் நாளே கலந்து கொடுக்காதீர்கள். அசைவின் உருவம் பிடிபடும்வரை சில நாள் தொடர்ந்து ஒன்றையே செய்யட்டும். அடுத்தது, கலந்து பழகும் அணி பார்ப்பதற்கு மோசமாக இருக்கும். அதிபர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, போன மாதம் இதைவிட நன்றாக அடித்தார்களே என்று கேட்பார். பிள்ளைகளுக்கும் பிடிக்காது. பிரித்தானியத் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்கிய 1978 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு, பட்லியும் லோங்மனும் செய்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகியவர்களுக்கே மொத்தத்தில் குறைந்த மணித்தியாலம் போதுமாக இருந்தது. ஆனால் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி இருந்ததும் அவர்களுக்குத்தான். அதிபருக்குச் சொல்ல இது உதவும். எனக்கு உதவவில்லை, உங்களுக்கு உதவலாம்.

பரிதிவட்டம் கையோடு மட்டும் போகிறது, உடம்பு மரக்கட்டை

புதிதாக ஒன்றைப் பழகும் எவரும் விறைத்துக்கொள்வார்கள். சைக்கிளில் முதல் நாள் ஏறிய பிள்ளையின் தோள்களைப் பாருங்கள். சோவியத் உடலியங்கியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் தொழிலாளிகள் சுத்தியலால் அடிப்பதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் முனை ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ ஒவ்வொரு தடவையும் சற்றுச் சற்று வேறாக அசைந்தன. உடம்பில் மூட்டுகள் அதிகம், எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆளத் தெரியாத புதியவர் சிலவற்றைப் பூட்டிவிடுகிறார் என்பது அவர் தந்த விளக்கம். விறைப்பு, பிள்ளையின் பிடிவாதம் அல்ல. அது ஒரு தற்காலிக ஏற்பாடு.

எனவே முதல் இரண்டு வாரம் விறைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். கையைத் தளர்த்து என்று கத்தினால் தளர்வதற்காக இன்னும் விறைப்பார்கள். மூன்றாவது மாதமும் அப்படியே இருந்தால்தான் பிழை, அதுவும் பெரும்பாலும் நம்முடையது: எடை கூடிய வட்டைக் கொடுத்திருப்போம். பாடசாலைக் களஞ்சியத்தில் ஆண்களுக்கான 2 கிலோ வட்டு ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காகப் பதின்மூன்று வயதுப் பையனிடம் அதைக் கொடுப்பவர்கள் உண்டு. பெண்களுக்குரிய 1 கிலோ வட்டே அவனுக்குத் தாராளம். அதுவும் இல்லையென்றால் பழைய சைக்கிள் டயரைக் கொடுங்கள். டயரைக் கை பலத்தால் எறிய முடியாது. இடுப்பைத் திருப்பினால்தான் போகும்.

நந்திக்கடல் கரையிலிருந்து வரும் ஒரு பையன் எனக்கு இதைப் படிப்பித்தான். வட்டை எடுத்தால் மரக்கட்டை. ஒரு பின்னேரம் தகப்பனோடு வீச்சுவலை எறிவதைத் தற்செயலாகப் பார்த்தேன். கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில்தான் கை வந்தது. வலை வட்டமாக விரிந்து விழுந்தது. நான் ஒரு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது முழுவதும் அவன் உடம்பில் ஏற்கெனவே இருந்தது. அடுத்த நாள் வட்டை வாங்கி வைத்துவிட்டு, கழித்துப்போட்ட வலைத் துண்டு ஒன்றைப் புற்தரையில் எறியச் சொன்னேன். பத்து வலை, ஒரு வட்டு. ஐந்து வலை, ஒரு வட்டு. மாதம் முடியும்போது வட்டும் வலை போலவே புறப்பட்டது. எல்லா ஆற்றலும் இப்படி இடம் மாறும் என்று நினைத்துவிட வேண்டாம். விதை வீசும் கை நன்றாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளையை ஈட்டி எறியவிட்டு ஏமாந்தும் இருக்கிறேன். வீச்சும் எறிதலும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் உள்ளே ஓடும் ஒழுங்கு வேறு. அசைவு எங்கிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும்.

சொல்லச் சொல்ல மோசமாகிறது

ஒரு நாள் ஒரு மாணவரை வைத்து உங்கள் வாயிலிருந்து வரும் சொற்களை எண்ணச் சொல்லுங்கள் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொல்லப்பட்டது. செய்து பார்த்தேன். ஒரு குண்டு போடுதலுக்கு இடையில் ஏழு அறிவுறுத்தல். முழங்கால், இடுப்பு, முழங்கை, நாடி, விரல், பார்வை, மூச்சு. அந்தப் பிள்ளை குண்டைப் போட்டதே அதிசயம்.

ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் 1967 இல் எழுதிய பிரிப்பு இன்னும் பயன்படுகிறது. முதல் கட்டத்தில் கற்பவர் யோசித்து யோசித்துச் செய்கிறார். நடுக்கட்டத்தில் பிழைகள் குறைந்து அசைவுகள் ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் யோசியாமலே நடக்கிறது. முதல் கட்டத்துப் பிள்ளையின் தலை ஏற்கெனவே நிறைந்துவிட்டது, அங்கே ஏழுக்கு இடமில்லை, ஒன்றுக்குத்தான் இடம். கடைசிக் கட்டத்துப் பிள்ளையிடம் முழங்கையைப் பற்றிச் சொன்னால், தானாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி அவளை மறுபடி யோசிக்கவைக்கிறீர்கள்.

என்ன சொல்கிறோம் என்பதிலும் விடயம் இருக்கிறது. காப்ரியேலே வுல்ஃப் குழுவினர் 1998 இல் பனிச்சறுக்குப் பாவனைக் கருவி ஒன்றில் சோதித்தார்கள். ஒரு குழுவினரிடம் பாதத்தால் விசை கொடுப்பதில் கவனம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம் பாதத்துக்குக் கீழே இருக்கும் சில்லுகளில் கவனம் வைக்கச் சொன்னார்கள். சில அங்குல வித்தியாசம். சில்லை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்பை நினைக்கவைக்காமல் உடம்பு செய்யும் விளைவை நினைக்கவைப்பதே இதன் சாரம்.

மைதானத்தில் இதை இப்படி மாற்றலாம். வேக ஓட்டத் தொடக்கத்தில் காலை நீட்டு என்பதற்குப் பதில் தரையைப் பின்னால் தள்ளு. பந்து பெறும்போது முழங்கையை மடக்காதே என்பதற்குப் பதில் கையைப் பலகையாக்கு, பலகை பார்க்கும் பக்கம் பந்து போகும். நீளம் பாய்தலில் மார்பை நிமிர்த்து என்பதற்குப் பதில் குழிக்கு அப்பால் நிற்கும் பூவரசின் உச்சியைப் பார். குண்டு தாழப் போகிறதென்றால் ஒன்றுமே சொல்லவேண்டாம். இரண்டு கம்புக்கு இடையில் பிள்ளையின் உயரத்தைவிடச் சற்று உயரமாகக் கயிறு கட்டி, அதற்கு மேலால் போடச் சொல்லுங்கள். கயிறு பிடிக்கும் வேலை உங்களுடையது, கோணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அவளுடையது.

கூடவே, வலையில் அடித்துவிடாதே என்ற வசனத்தை ஒழித்துவிடுங்கள். அதைக் கேட்ட பிள்ளை முதலில் பார்ப்பது வலையைத்தான்.

ஒவ்வொரு எறிதலுக்கும் பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறான்

இது பணிவு என்று நினைத்து நான் பல வருடம் மகிழ்ந்திருக்கிறேன். ஊன்றுகோல் கொடுத்தால் கால் பலம் வராது என்பது போலத்தான். ஒவ்வொரு தடவையும் விளைவைச் சொல்லிக்கொண்டேயிருந்தால் அப்போதைக்குத் திருந்தும், சொல்வதை நிறுத்தியதும் சரியும் என்று சல்மோனி, ஷ்மிட், வோல்டர் மூவரும் 1984 இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினார்கள். தன் உடம்பு தரும் செய்தியைக் கேட்க அவன் பழகவில்லை. உங்கள் செய்தியையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எறிந்ததும் பத்து விநாடி பேசாதிருங்கள். பிறகு, எங்கே விழுந்திருக்கும் என்று நினைக்கிறாய், தம்பி, என்று கேளுங்கள், அளவு நாடாவைக் காட்டுவதற்கு முன்னர். முதல் வாரம் தலையைச் சொறிவான். ஐந்து எறிதலுக்கு ஒரு தடவை மட்டும் பேசுவது, அல்லது பிழை ஒரு எல்லையைத் தாண்டினால் மட்டும் பேசுவது, இரண்டும் வேலை செய்யும். பொறுமை இல்லாத ஆசிரியருக்கு இரண்டாவது இலகு.

பந்து வந்ததும் கண்ணை மூடி முகத்தைத் திருப்புகிறாள்

வலைப்பந்தாட்டத்தில் அடிக்கடி வரும் முறைப்பாடு. பயம் என்று எழுதிவிடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

பந்து. காற்று இறுகி அடைக்கப்பட்ட, தேய்ந்து வழுக்கும் பந்தை எந்தப் பிள்ளையும் வெறுக்கும். பழைய சேலைத் துணி சுற்றிய பந்தில் தொடங்கி, பிறகு காற்றுக் குறைத்த பந்து, பிறகு உண்மைப் பந்து. முதலில் தரையில் ஒரு தடவை குத்தி எழும்பி வரட்டும். பார்ப்பதற்கு நேரம் கிடைக்கும்.

எறிபவர். அணியில் கைப்பலம் கூடிய பிள்ளைதான் எப்போதும் எதிரில் நிற்கிறாளா?

கண். இதை மூன்றாவதாக எழுதினாலும் முதலில் செய்யவேண்டியது இதுவே. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியை நான் ஒன்றரை வருடம் பயந்தவள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணித ஆசிரியை ஒரு நாள் அவளை முன்வாங்கில் மாற்றி இருத்தியதாகச் சொன்னார், கரும்பலகை தெரியவில்லையாம். கண்ணாடி வந்த பிறகும் அவள் பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை. ஆனால் முகத்தைத் திருப்புவது நின்றது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் அவளுக்குச் சொன்னவற்றை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பத்து மீற்றரில் நின்று ஒரு கையில் எத்தனை விரல் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அது கண் பரிசோதனை ஆகாது. யாரை வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் என்று காட்டும்.

அஞ்சலோட்டத்தில் கோல் விழுகிறது

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 4×100 தகுதிச் சுற்றில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் ஒரே நாளில் கடைசிக் கைமாற்றத்தில் கோலை விட்டன. அழும் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

கோல் விழும்போது எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள். கையில் பிழை இருப்பது குறைவு. வாங்குபவர் எப்போது புறப்பட்டார் என்பதில்தான் பெரும்பாலும் பிழை. கண்டுபிடிப்பது இலகு. கொடுப்பவர் வாங்குபவரின் முதுகில் மோதினால், அல்லது மோதாமலிருக்க வேகத்தைக் குறைத்தால், வாங்குபவர் பிந்திப் புறப்பட்டிருக்கிறார். வாங்குபவர் கையைப் பின்னால் நீட்டியபடி ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது திரும்பிப் பார்த்தால், முந்திப் புறப்பட்டிருக்கிறார். கொடுப்பவர் மிதித்ததும் வாங்குபவர் புறப்படவேண்டிய அடையாளக் கோட்டை, முதலாவதுக்குக் கொடுப்பவர் வரும் திசையில் ஓரிரு பாதம் தள்ளிப் போடுங்கள், இரண்டாவதுக்கு வாங்குபவரை நோக்கி ஓரிரு பாதம் கிட்டப் போடுங்கள். நான் பதினைந்து பாதத்தில் தொடங்குவேன். பாதத்தால் அளப்பவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம்: பயிற்சியில் வெறுங்காலோடு அளந்துவிட்டுப் போட்டி நாளில் சப்பாத்தோடு அளந்தால் பதினைந்து பாதத்தில் கோடு வேறிடத்துக்குப் போய்விடும். எங்களுக்கு நடந்தது. இப்போது பதினைந்து பாத நீளத்துக்குக் கயிறு வெட்டி வைத்திருக்கிறோம்.

கோட்டைச் சரி செய்வதற்கு முழு வேகத்தில்தான் ஓடவேண்டும். மெதுவோட்டத்தில் நூறு தடவை கோல் மாற்றலாம்; அதில் கை பழகும், நேரம் பழகாது. முழு வேகத்தில் ஒரு பின்னேரத்துக்கு ஐந்து ஆறுக்கு மேல் ஓடவைக்காதீர்கள். களைத்த கால் ஓடும் வேகத்துக்குப் போட்ட கோடு போட்டி நாளில் பொருந்தாது.

மைதானக் கோட்டையும் பாருங்கள். முன்னர் 10 மீற்றர் முன்னோட்டப் பகுதியும் 20 மீற்றர் பரிமாற்றப் பகுதியும் தனித்தனியாக இருந்தன. இப்போது 4×100 இல் பரிமாற்றப் பகுதி முழுவதும் 30 மீற்றர். பழைய கணக்கில் சுண்ணாம்பு போடும் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் சும்மா அவசரப்படுகிறார்கள்.

நீளம் பாய்தலில் பலகையை மிதிக்கத் தவறுகிறான்

இங்கேதான் முதலில் சொன்ன பத்துப் புள்ளி மிகவும் உதவும். எல்லாத் தடவையும் ஒரு சாண் தாண்டி மிதித்தால் தொடக்கக் கோட்டை ஒரு சாண் பின்னால் எடுங்கள், முடிந்தது. ஒரு தடவை முன்னே ஒரு தடவை பின்னே என்றால் கோட்டை நகர்த்துவதில் பயனில்லை. முதல் இரண்டு காலடியைப் பாருங்கள். சில தடவை நின்ற இடத்திலிருந்தும் சில தடவை நடந்து வந்தும் தொடங்குவான்.

டேவிட் லீயும் சகாக்களும் 1982 இல் நல்ல பாய்ச்சல் வீராங்கனைகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது ஒரு செய்தி தெரிந்தது. ஓட்டம் முழுவதும் காலடிகள் கிட்டத்தட்ட ஒரே அச்சு. சிறு வேறுபாடுகள் சேர்ந்து சேர்ந்து பெருகி வரும். கடைசிச் சில காலடியில் பலகையைக் கண்ணால் பார்த்து நீட்டிக் குறுக்கி அவர்கள் சரி செய்துவிடுகிறார்கள். பலகையைப் பார்க்காதே என்று நாம் அடித்துச் சொல்லிவந்தது இந்த இடத்தில் இடிக்கிறது. இப்போது நான் வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே தொடக்கக் கோட்டை அரை மீற்றர் முன்னும் பின்னும் மாற்றி வைத்துவிட்டு, எப்படியாவது பலகையில் மிதி என்பேன். கடைசிக் காலடிகளைச் சரி செய்யும் வேலையை அன்று பழகுகிறார்கள்.

தனியே நன்றாகச் செய்கிறான், எதிரில் ஆள் வந்ததும் திகைக்கிறான்

கூம்புகளுக்கு இடையில் உதைபந்தை அழகாக உருட்டிக்கொண்டு போவான். கூம்பு அசையாது. எதிராளி அசைவான். சுற்றுப்புறம் மாறிக்கொண்டிருக்கும் திறனைத் திறந்த திறன் என்றும் மாறாததை மூடிய திறன் என்றும் 1957 இல் போல்டன் பிரித்தார். குண்டு போடுதல் மூடியது. பந்தை எதிராளியைத் தாண்டி நகர்த்துவது திறந்தது. அதில் கால் பாதி, எதிராளியைப் படிக்கும் கண் மீதி. கூம்பு அந்த மீதியைப் பழக்காது.

நாற்பது பிள்ளைகளும் இரண்டு பந்தும் இருக்கும் வகுப்பில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பந்தே இல்லாமல் தொடங்கலாம். கிளித்தட்டு. கோட்டுக்குக் கோடு மறிப்பவர், நடுக்கோட்டில் ஓடித் திரியும் கிளி, இருவரையும் ஒரே நேரத்தில் பார்த்து இடது தோளைக் காட்டி வலதுபக்கம் நுழையும் பிள்ளை. எதிராளியை ஏமாற்றும் கலையை இதைவிட மலிவாக யாரும் படிப்பிக்கமுடியாது. ஒரு சுண்ணாம்பு வாளி போதும், முப்பது பேர் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். நம் பாடவேளையில் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி, உள்ளரங்கு இல்லாத ஊரில் உள்ளரங்குப் பயிற்சிகளைப் பிரதி பண்ணிக்கொண்டிருந்தோம். பிறகு பந்தைக் கொடுக்கும்போது பதினொருவர் ஆட்டம் வேண்டாம். மூவருக்கு மூவர், சிறிய இடம். ஒரு பாடவேளையில் ஒரு பிள்ளை எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள், பதினொருவர் ஆட்டத்தைத் தானாகவே விட்டுவிடுவீர்கள்.

இரண்டு மாதமாக ஒரே தூரம்

காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். அரிவி வெட்டுக் காலமென்றால் விடிய எழும்பி வயலுக்குப் போய்விட்டு வந்தானா என்றும் கேளுங்கள். உயரத்தை அளந்து போன தவணையோடு ஒப்பிடுங்கள். திடீரென்று வளர்ந்த பிள்ளைக்குத் தன் கைகால் எங்கே முடிகிறது என்று உடம்பு புதிதாகப் பழகவேண்டும், சில மாதம் தடுமாறும். இவை ஒன்றும் இல்லையென்றால் பத்து நாள் வேறு விளையாட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் மைதானம் குளமாகிவிடும், எப்படியும் ஓய்வுதான். தை பிறந்து பாடசாலை தொடங்கிய முதல் கிழமை, பயிற்சி ஒன்றும் கொடுக்காமல், உடம்பைச் சூடாக்கிவிட்டு நேரே நாடாவை எடுத்து எல்லோரையும் அளந்துவிடுங்கள். அந்தக் கொப்பியில் விழும் இலக்கங்கள்தான் போன வருடம் நீங்கள் படிப்பித்தது. மார்கழிக்கு முன் எழுதியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருடைய இலக்கம் அதிகமாகக் குறைந்திருக்கிறதோ அவரிடமிருந்து தொடங்குவதே என் வழக்கம்.